கிளே சுடப் போகும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

இந்தக் கோடையில் மட்டும் ஏழு பிள்ளைகள் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: "அங்கிள், கிளே சுடப் போறம். என்ன செய்ய வேணும்?" சிலரை வேலையிடத்து நண்பர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். சிலருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் நான் கிளே சுடத் தொடங்கி முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. கடைசிப் பத்து வருடங்களாகப் புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று உதவி வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். சுடாத நேரத்தில் கண் துவக்கில் இருக்க வேண்டும். சுடும் நேரத்தில் கண், வானத்தில் எறியப்படும் தட்டில், அதாவது கிளேயில், இருக்க வேண்டும். நான் கண்ட ஆபத்துகளும் சரி, தப்பிப் போன தட்டுகளும் சரி, பெரும்பாலும் இந்த இரண்டும் இடம் மாறியதால் வந்தவை.

1. முதலில் வீட்டில் சொல்லுங்கள்.

நான் இலங்கையில் வன்னிப் பக்கம் பிறந்தவன். என் சின்ன வயதில் துவக்குச் சத்தம் கேட்டால் வயலுக்குள் பன்றி இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு வந்த வருடங்களில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் வந்தது. அதை உங்கள் தாய் தகப்பன் சொல்லியும் இருக்கலாம், சொல்லாமல் மனதுக்குள் வைத்தும் இருக்கலாம். என் மனைவி முதன்முதல் மைதானத்துக்கு வந்த அன்று காரை விட்டு இறங்கவில்லை. தூரத்தில் இரண்டு வெடி கேட்டதும் அவளுடைய கை இருக்கைப் பட்டியை இறுக்கிப் பிடித்தது. விரல் நுனிகள் வெளுத்துப் போயின. அன்று நான் சுடாமலே வீட்டுக்குத் திரும்பினேன். உங்கள் அம்மா வேண்டாம் என்றால் கோபிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து கதையுங்கள். எங்கே போகிறீர்கள், யாரோடு போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லுங்கள். சுடும் காணொளிகளை வீட்டில் சத்தமாகப் போடாதீர்கள்.

2. எதைச் சுடப் போகிறீர்கள் என்று கையில் எடுத்துப் பாருங்கள்.

மைதானத்தில் ஒரு தட்டைக் கேட்டு வாங்குங்கள். கவிழ்த்து வைத்த சின்னச் சாசர் மாதிரி இருக்கும். குறுக்களவு 110 மில்லிமீட்டர், நிறை ஏறக்குறைய 105 கிராம். தார் போன்ற பிசினையும் சுண்ணாம்புக்கல் மாவையும் சேர்த்து அச்சில் வார்த்தது. மேலே செம்மஞ்சள் பூச்சு, கீழே கறுப்பு, விளிம்பைச் சுற்றிப் படிப்படியாக வளையங்கள். அந்த வளையங்களை விரலால் தடவிப் பாருங்கள். பிறகு அவை உங்களுக்குத் தேவைப்படும்.

இதைக் களிமண் புறா என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு உயிருள்ள புறாக்களைப் பெட்டிக்குள் அடைத்து வைத்து, கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1880இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி சுட்ட களிமண்ணால் செய்த தட்டைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும், 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட உயிர்ப் புறாக்களைச் சுட்டார்கள். அடைத்து வைத்த பறவைகளைத் திறந்துவிட்டுச் சுடுவதைப் பிரித்தானியா 1921இல் சட்டம் போட்டு நிறுத்தியது. தட்டை எறியச் சொல்லி நீங்கள் கூப்பிடப் போகும் "புல்" என்ற சொல் அந்தக் கயிற்றை இழுக்கச் சொன்ன சொல்தான். கயிறும் போய்விட்டது, புறாவும் போய்விட்டது. உங்கள் முன்னால் பறப்பதற்கு உயிர் இல்லை. இதை வீட்டிலும் சொல்லுங்கள்.

3. அனுமதி உள்ள மைதானத்துக்கு மட்டும் போங்கள்.

உரிமம் இல்லாமல் சுடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். செயற்கை இலக்குகளைச் சுடுவதற்குப் பொலிஸ் தலைமையதிகாரி அனுமதித்த இடத்தில், அனுமதித்த நேரத்தில், உரிமம் இல்லாதவர்களும் சுடலாம் என்று 1968 சுடுகலன் சட்டம் சொல்கிறது. எல்லா மைதானங்களுக்கும் அந்த அனுமதி இருக்காது. பதிவு செய்யும்போதே கேளுங்கள். போனதும் ஒரு படிவம் தருவார்கள். மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர்களுக்குத் துவக்கைத் தொடச் சட்டத்தில் தடை உண்டு. அப்படி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். வாசித்து, உண்மையை எழுதுங்கள். நண்பனுடைய மாமாவின் வயல், யாரோ ஒருவரின் பழைய துவக்கு என்றால் போகவே வேண்டாம்.

4. காதையும் கண்ணையும் மூடாமல் கோட்டைத் தாண்டாதீர்கள்.

காதுமூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் மைதானத்திலேயே தருவார்கள். சுடுகிறவருக்கு மட்டும் அல்ல, பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கும் அவை வேண்டும். காது ஒருமுறை கெட்டால் திரும்ப வராது. உடைந்த தட்டின் துண்டுகள் தலைக்கு மேலாகவும் விழும். முன்விளிம்பு உள்ள தொப்பி போடுங்கள். குதி இல்லாத சப்பாத்து, தோளை அசைக்கவிடும் சட்டை போதும். கழுத்துச் சங்கிலியையும் தொங்கும் துப்பட்டாவையும் கழற்றி வையுங்கள்.

5. துவக்கைத் திறந்தபடி வாங்குங்கள், திறந்தபடி கொடுங்கள்.

உங்களுக்குத் தரப்படுவது பெரும்பாலும் மேலும் கீழுமாக இரண்டு குழல் உள்ள துவக்கு. நடுவில் மடங்கித் திறக்கும். திறந்திருந்தால் அது சுடாது. உள்ளே தோட்டா இல்லை என்பது பத்தடி தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். அதனால்தான் சுடும் இடத்தை விட்டு நகரும் ஒவ்வொரு முறையும் திறக்கச் சொல்கிறோம். பக்கத்தில் நிற்கிற மனிதருக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது. யாராவது மூடிய துவக்கை நீட்டினால் கை நீட்டாதீர்கள். "திறந்து காட்டுங்கோ" என்று கேளுங்கள். வயதில் மூத்தவராக இருந்தாலும் கேளுங்கள், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

சுடும் இடத்தில் நின்று, குழல் வாய் மைதானத்தைப் பார்த்த பிறகே தோட்டா போட வேண்டும். "புல்" சொல்லும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். யாராவது பின்னாலிருந்து உங்கள் பெயரைக் கூப்பிட்டால் துவக்கோடு திரும்பாதீர்கள். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்: தட்டு உடைந்த சந்தோஷத்தில், சிரித்த முகத்தோடு, துவக்கையும் சேர்த்துக்கொண்டு நண்பர்கள் பக்கம் திரும்புவது. சந்தோஷம் வந்தால் முதலில் துவக்கைத் திறவுங்கள், பிறகு திரும்புங்கள்.

6. தோட்டாவின் நிறத்தையும் சத்தத்தையும் கவனியுங்கள்.

துவக்கில் 12 என்றும் 20 என்றும் அளவு சொல்வார்கள். இலக்கம் கூடினால் குழல் சிறியது. 20 தோட்டா தவறி 12 துவக்குக்குள் போனால் வழுக்கி முன்னே போய்க் குழலுக்குள் சிக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதன் பின்னால் இன்னொரு தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடித்துப் போகும். இதற்காகவே 20 தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே சட்டைப் பைக்குள் போடவே கூடாது.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை மைதானம் பார்த்தபடியே பிடித்து, அரை நிமிடம் அசையாமல் நின்று பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். வழக்கமான சத்தம் இல்லாமல் "புஸ்" என்று கேட்டாலும் நிறுத்துங்கள். குழலுக்குள் ஏதாவது தங்கியிருக்கலாம். பார்த்துத் துப்பரவாக்கிய பிறகே அடுத்த தோட்டா.

7. உங்கள் ஆட்சிக் கண் எது என்று அறியுங்கள்.

இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கிடையில் சின்ன ஓட்டை வருமாறு வைத்து, அதன் வழியாக இரண்டு கண்ணையும் திறந்து தூரத்து மரமொன்றைப் பாருங்கள். இப்போது இடக்கண்ணை மூடுங்கள். மரம் அப்படியே தெரிந்தால் வலக்கண்தான் உங்களை ஆள்கிறது. மறைந்து போனால் இடக்கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆள்வது குறை அல்ல, பலருக்கு அப்படித்தான். ஆனால் பயிற்றுநருக்குச் சொல்லிவிட வேண்டும். அவர் இடத்தோளில் சுடச் சொல்லலாம், அல்லது கண்ணாடியில் சின்ன ஒட்டுத்தாள் ஒட்டலாம். சொல்லாமல் விட்டால், எல்லாம் சரியாகச் செய்தும் தட்டு மட்டும் உடையாமல் நாள் முழுக்க மனம் நொந்து போவீர்கள்.

8. துவக்கை முகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

முகத்தைத் துவக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். பிடங்கு முதலில் கன்னத்தில் படட்டும், உடனே தோளின் குழிக்குள் இறுகட்டும். இடைவெளி விட்டால் அது பின்னால் உதைக்கும். மறுநாள் தோள் கன்றிப்போகும். வலக்கைக்காரர் இடக்காலைச் சற்று முன்வைத்து, உடம்பின் பாரத்தை அந்தக் காலில் விடுங்கள். பின்னால் சாய்ந்து நிற்பது பயத்தின் வேலை. உடம்பு சின்னதாக இருந்தால் 21 அல்லது 24 கிராம் தோட்டா கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை; ஒலிம்பிக்கில் சுடுகிறவர்களுக்கும் 24 கிராமுக்கு மேல் அனுமதி கிடையாது.

9. தட்டைப் பாருங்கள்.

என் முதல் நாளில் பதினாலு தட்டுத் தொடர்ந்து தவறியது. வயதான ஆங்கிலப் பயிற்றுநர் ஒருவர் பின்னால் நின்றார். "எங்கே பார்க்கிறாய்?" என்று கேட்டார். குழல் முனையில் இருந்த சின்னக் குமிழைக் காட்டினேன். அவர் துவக்கை என் கையிலிருந்து வாங்கித் திறந்து வைத்துவிட்டார். "இனி வருகிற ஐந்து தட்டையும் விரலால் காட்டு" என்றார். காட்டினேன். ஐந்தையும் என் விரல் தவறாமல் தொடர்ந்தது. பந்து பிடிக்கிறவன் தன் கையைப் பார்ப்பதில்லை. மாமரத்துக்குக் கல் எறிகிறவன் கல்லைப் பார்ப்பதில்லை. கண் போன இடத்துக்குக் கை தானாகப் போகும்.

பிறகு துவக்கைத் திருப்பித் தந்து, "தட்டில் எத்தனை வளையம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்" என்றார். "புல்" என்றேன். மரங்களுக்கு மேலே செம்மஞ்சளாக எழுந்து வந்தது. உச்சியில் ஒரு கணம் தொங்குவது போல் நின்றது. அதன் முன் விளிம்பும் வளையங்களும் எனக்குத் தெரிந்தன. விசையை எப்போது இழுத்தேன் என்று தெரியாது. வானத்தில் கறுப்புத் தூள் மட்டும் இருந்தது. குமிழைப் பார்த்தால் தட்டு மங்கும், தட்டைப் பார்த்தால் குமிழ் மங்கும். மங்க வேண்டியது குமிழ்.

10. முன்னால் சுடுங்கள், சுட்ட பிறகும் நிறுத்தாதீர்கள்.

ஒரு தோட்டாவுக்குள் நானூறு அளவில் ஈயச் சன்னங்கள் இருக்கும். முப்பது மீட்டர் தூரம் போக அவற்றுக்குப் பத்தில் ஒரு நொடி அளவு எடுக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகிற தட்டு அந்த நேரத்துக்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தட்டு இருக்கும் இடத்தில் சுட்டால் சன்னங்கள் வெறும் இடத்துக்குத்தான் போய்ச் சேரும். புதியவர்கள் தவறவிடுவதில் பெரும் பங்கு பின்னால்தான் போகிறது. தட்டின் பின்னாலிருந்து வந்து, அதன் வழியே ஓடி, தாண்டும்போது விசையை இழுங்கள். இழுத்த பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருக்கட்டும். நின்ற குழல் பிந்திய குழல்.

11. இருபத்தைந்து போதும்; அடுத்தவரின் எண்ணிக்கை உங்களுக்கு எதற்கு?

முதல் நாளில் 25 தட்டுச் சுட்டால் நிறுத்துங்கள். களைத்த தோள் விசையை இழுக்கும் முன்னரே சுருங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உரிக்க நாள் எடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டு உடைந்து விழுந்தாலே அது உடைந்த தட்டு. தூளாகப் போக வேண்டியதில்லை.

தங்கச்சிமாரே, இது ஆண்களின் விளையாட்டு என்று யாராவது சொன்னால் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கைச் சொல்லுங்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து சுட்ட ஸ்கீட் என்ற தட்டுச் சுடும் போட்டியில் தங்கம் வென்றவர் சீனப் பெண் ஜாங் ஷான். இது எங்கள் ஆட்களுக்குரியது இல்லை என்று யாராவது சொன்னால் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜைச் சொல்லுங்கள். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ட்ராப் என்ற இன்னொரு வகைத் தட்டுச் சுடும் அணிப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற மூவரில் அவர் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார்.

12. போகும்முன் செய்ய வேண்டியவை.

துவக்கைத் திறந்து, இரண்டு குழல் வழியாகவும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். காலடியில் கிடக்கும் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கித் தொட்டியில் போடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஈயத்தோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது. பயிற்றுநருக்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, உடையாத ஒரு தட்டைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இதை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன். என் மனைவி காரிலேயே இருந்துவிட்ட அந்த நாளுக்கு ஆறு வருடங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தானாகவே இறங்கி வந்தாள். அவளுடைய கையில் ஒரு தட்டை வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளையங்களை விரலால் தடவினாள். "இதையோ உடைக்கிறனியள்?" என்று கேட்டாள். பிறகு எனக்குப் பின்னால் இருந்த வாங்கில் போய் இருந்துகொண்டு, தனக்கும் ஒரு காதுமூடி தரச் சொன்னாள்.