இடிபாடும் ஒளிப்படமும்

முன்னுரை

கட்டடம் எழும்போது அதனைப் பதிவு செய்யும் வழக்கம் நம்மிடையே தொன்றுதொட்டு உண்டு. அடிக்கல்லில் பெயரும் நாளும் பொறிக்கிறோம்; திறப்பு விழாவிற்கு அழைப்பிதழ் அச்சிடுகிறோம். ஆனால் அதே கட்டடம் இடிக்கப்படும்போது எந்நாளில், எக்காரணத்தால், யார் ஆணையால் இடிக்கப்பட்டது என்பதை எழுதி வைப்பாரில்லை. பின்வரும் தலைமுறையினர் வெற்று நிலத்தைக் கண்டு, 'இங்கு ஏதோ ஒன்று இருந்ததாம்' என்று கூறும் நிலையே எஞ்சுகிறது. இடிபடும் கட்டடத்தை ஒளிப்படம் எடுப்பது வேடிக்கையன்று. அது வரலாற்றுப் பணி என்பதையும், அதனைச் செய்யும் முறையையும் கயத்தாறு வட்டாரத்து மாணவர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'இடித்தல்' என்னும் சொல்

தமிழில் 'இடி' என்னும் சொல் பல பொருள் தருவது. வானத்து முழக்கமும் இடி; உரலில் நெல்லைக் குத்துவதும் இடித்தல்; சுவரைத் தகர்ப்பதும் இடித்தல். இவற்றோடு, தவறு செய்வோரைக் கடிந்து அறிவுறுத்துவதும் இடித்தலே. 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வள்ளுவர் இச்சொல்லை இப்பொருளிலேயே ஆள்கிறார். இடித்துரைப்போர் இல்லாத அரசன் தானே கெடுவான் என்பது அவர் கருத்து. ஒரு கட்டடத்தின் வீழ்ச்சியை முறையாகப் பதிவு செய்தால், அப்பதிவும் நம்மை இடித்துரைக்கும் ஆற்றல் பெறும். அதனைப் பின்னர்க் காண்போம்.

வென்றவர் எழுதிய வரலாறு

பகைவர் நாட்டை வென்றபின் கழுதை பூட்டிய ஏரால் உழுது அழிக்கும் வழக்கத்தைப் புறநானூறு குறிப்பிடுகிறது. நெட்டிமையார் பாடிய 15-ஆம் பாடலிலும், ஒளவையார் பாடிய 392-ஆம் பாடலிலும் இச்செய்தி உள்ளது. பின்னதில், உழுத நிலத்தில் வரகும் கொள்ளும் விதைத்த செய்தியும் வருகிறது. இதனைப் புறப்பொருள் வெண்பாமாலை 'உழுது வித்திடுதல்' என்னும் துறையாகவே வகுத்துள்ளது. இப்பாடல்கள் யாவும் வென்றவன் புகழைப் பாடுபவை. இடிக்கப்பட்ட ஊரின் வீடுகள் எப்படி இருந்தன, அங்கு வாழ்ந்தோர் எங்குச் சென்றனர் என்பதற்கு அவற்றில் இடமில்லை.

இதே நிகழ்ச்சி நம் கரிசல் மண்ணில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. கயத்தாற்றுக்குக் கிழக்கே, ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ளது பாஞ்சாலங்குறிச்சி. 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் அக்கோட்டையைத் தாக்கினான். அன்று கோட்டை வீழவில்லை. கோட்டையை விட்டு வெளியேறிய வீரபாண்டிய கட்டபொம்மன் பின்னர்ப் பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அதனைத் தொடர்ந்து பாளையக்காரர் கோட்டைகள் பலவற்றைத் தகர்க்கக் கும்பெனி ஆணையிட்டது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் தரைமட்டமாக்கப்பட்டது.

1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, அக்கோட்டையை மிகக் குறுகிய காலத்தில் மீண்டும் எழுப்பினான். அழித்த சுவர்கள் மறுபடியும் எழுந்து நின்றதைக் கண்டு கும்பெனிப் படையினர் திகைத்ததை, அப்போரில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படையதிகாரி 1830-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் குறித்துள்ளார். ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட, முழுவதும் மண்ணால் ஆன கோட்டை அது. அதன் மதில் சுமார் 12 அடி உயரமே. 1801 மார்ச்சு 31-ஆம் நாள் நடந்த பெருந்தாக்குதலை அந்த மண் மதில் தாங்கி நின்றது. மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது, மீண்டும் இடிக்கப்பட்டது. அந்நிலம் உழப்பட்டு ஆமணக்கு விதைக்கப்பட்டதென்பது இவ்வட்டார மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. புறநானூற்று வரகும் கொள்ளும் இங்கே ஆமணக்காயின.

இவ்விரு இடிப்புகளுக்கும் ஒளிப்படம் இல்லை. அக்கலை அன்று தோன்றவில்லை. ஆதலால் இன்று நாம் அறிவன யாவும் மூன்று வழிகளில் வந்தவை. ஒன்று, இடித்தவர்களின் கடிதங்களும் நூல்களும். இரண்டு, மக்கள் பாடிய கதைப்பாடல்கள். மூன்று, 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு. 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையைக் காணும் மாணவர், அது பழைய கோட்டையின் படியன்று. நினைவைப் போற்றும் புதுக் கட்டடம் என்பதை உணர்தல் வேண்டும்.

ஒளிப்படக் கலை வந்தபின்

பிரான்சு நாட்டு டாகுரேயின் ஒளிப்பட முறை 1839-இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ அக்காலத்தில்தான் மதுரையில் ஆட்சியர் பிளாக்பர்ன் நாயக்கர் காலக் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை விரிவாக்கிக்கொண்டிருந்தார். அப்பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் இன்றும் மதுரைத் தெருக்களில் வழங்குகின்றன. இடித்தவர்களின் பெயர் தெருவாக நிலைத்தது. இடிபட்ட மதிலோ ஒரு சிறு கொத்தளம் ஒழிய மறைந்தது. கருவி பிறந்திருந்தும் அது மதுரைக்கு வந்து சேரவில்லை.

இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரைக்கு வந்து, சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் அரண்மனையைப் படமெடுத்தார். பின்னர் 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் அரண்மனை செப்பனிடப்பட்டது. செப்பனிடுவதற்கு முன் அது இருந்த நிலையை இன்று நாம் காண்பது டிரைப்பின் படங்களால்தான்.

பாரிசு நகரில் இதனினும் ஒரு படி மேலே சென்றனர். பழந்தெருக்களை இடித்து அகன்ற சாலைகள் அமைக்கப்பட்டபோது, சார்லசு மார்வில் என்பவரை நகராட்சியே அமர்த்தி, மறையவிருந்த தெருக்களை 1860-களில் படமெடுக்கச் செய்தது. அவர் எடுத்த படங்கள் நானூற்றுக்கும் மேற்பட்டவை. இடிப்பதற்கு முன் படமெடுத்தல் நகராட்சியின் கடமை என்னும் எண்ணத்தை அங்கே காண்கிறோம். 1896-இல் லூமியேர் சகோதரர்கள் ஒரு சுவர் இடிபடுவதைத் திரைப்படமாக எடுத்தனர். அதனைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டியபோது, விழுந்த சுவர் தானே எழுந்து நிற்பதைக் கண்டு மக்கள் வியந்தனர்.

விநாடிகளில் வீழும் மாடி

நம் காலத்தில் பெருங்கட்டடத்தின் வீழ்ச்சியைத் தமிழகம் கண்டது சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில். 2014 சூன் 28-ஆம் நாள், கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள். அதன் அருகில் நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2-ஆம் நாள் வெடிமருந்து கொண்டு தகர்க்கப்பட்டது. பிற்பகலில் நிகழுமென எதிர்பார்க்கப்பட்ட தகர்ப்பு, மாலை 7 மணியை நெருங்கும் வேளையிலேயே நிகழ்ந்தது. பகல் வெளிச்சத்தை நம்பிக் காத்திருந்த கருவிகளுக்கு இருளே கிடைத்தது. பின்னர்க் கேரளத்தின் மரடு நகராட்சியில் 2020 சனவரி 11, 12 நாள்களிலும், நொய்டாவில் 2022 ஆகத்து 28-ஆம் நாளிலும் அடுக்குமாடிகள் இவ்வாறே தகர்க்கப்பட்டன.

இம்முறையில் கட்டடத்தை வீழ்த்துவது வெடிமருந்து மட்டுமன்று. புவியீர்ப்பே பெரும்பணியைச் செய்கிறது. கீழ்த்தளங்களின் தூண்களில் துளையிட்டு வெடிமருந்தை நிரப்பி, நொடியின் சிறு பகுதி இடைவெளிகளில் வரிசையாக வெடிக்கச் செய்வர். தாங்கும் தூண்கள் முறிய, மேல்தளங்களின் எடை கட்டடத்தைத் தன்னுள்ளேயே நொறுக்கிவிடும்.

ஒளிப்படம் எடுப்போர் ஈண்டு இரு கணக்குகளை அறிதல் வேண்டும். முதலாவது ஒலியின் கணக்கு. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். அவ்வளவு தொலைவில் நிற்பவர் வெடியோசை கேட்டபின் பொத்தானை அழுத்தினால் ஒரு விநாடி கடந்துவிடும். ஆகவே செவியை நம்பாது கண்ணை நம்புக. இரண்டாவது வேகத்தின் கணக்கு. தடையின்றி விழும் பொருள் முதல் விநாடியின் முடிவில் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகம் பெறும். 1/30 விநாடித் திறப்பில் அது 33 செ.மீ. நகர்ந்து படம் மங்கும். 1/500 விநாடியில் 2 செ.மீ. மட்டுமே நகரும். கருவியை முக்காலியில் நிறுத்தி, விரைந்த திறப்பில் தொடர்படங்களாக எடுப்பதே தக்கது.

படம் காட்டாதவை

வீழும் கணத்தைக் காட்டும் படம், கட்டடம் எவ்வாறு வீழ்ந்தது என்பதைக் காட்டும். ஏன் வீழ்ந்தது என்பதைக் காட்டாது. மௌலிவாக்கத்துத் தகர்ப்புக் காட்சியைக் கண்டு வியப்போர் பலர். அக்காட்சியில் அந்த 61 பேர் இல்லை. அவர்களை எழுத்தால் உடன் சேர்த்தால்தான் அப்படம் நம்மை இடித்துரைக்கும். இன்றேல் அது வாணவேடிக்கையாகவே முடியும்.

இடிப்பின் பதிவு இன்று சட்டத்தின் தேவையாகவும் ஆகியுள்ளது. 2024 நவம்பர் 13-ஆம் நாள் நீதியரசர்கள் பி.ஆர்.கவாய், கே.வி.விசுவநாதன் அமர்வு அளித்த தீர்ப்பில், முன்னறிவிப்பின்றிக் கட்டடங்களை இடித்தலாகாது, உரிமையாளருக்கு எழுத்து வழியாக அறிவித்து 15 நாள் அவகாசம் தருதல் வேண்டும், இடிப்பு நிகழ்ச்சியை ஒளிக்காட்சியாகப் பதிவு செய்து பாதுகாத்தல் வேண்டும் என உச்சநீதிமன்றம் பணித்தது. சாலை முதலிய பொது இடங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளுக்கும், நீதிமன்ற ஆணையால் நிகழும் இடிப்புகளுக்கும் இவ்விதிகள் பொருந்தா. தம் வீட்டின் நிலையைக் காட்டும் நாளிட்ட படம் ஓர் ஏழையின் கையில் இருப்பின், அது அவனுக்குச் சான்றாக நிற்கும்.

மாணவர் செய்யத்தக்கன

கயத்தாறு, கோவில்பட்டி, உமறுப்புலவர் வாழ்ந்ததும் பாரதி பிறந்ததுமான எட்டயபுரம் ஆகிய ஊர்களில் பழைய வீடுகளும் சத்திரங்களும் பருத்திக் கிட்டங்கிகளும் உள்ளன. பொக்லைன் எந்திரம் வந்து நின்றால் ஒரே நாளில் அவை மண்மேடாகிவிடும். அதற்கு முன் செய்யத்தக்கன சில.

முதலாவதாக, கட்டடத்தின் நான்கு புறங்களையும் தனித்தனியே எடுக்க. அருகில் ஓர் ஆளையோ அளவுகோலையோ நிறுத்துக, அளவு விளங்கும்.

இரண்டாவதாக, உள்ளே படிக்கட்டு, கதவு, தூண், கல்வெட்டு ஆகியவற்றை அண்மையில் எடுக்க. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கி வெடிப்பது. சுவர் விரிசலுக்கு அதுவும் ஒரு காரணம். விரிசலின் படமே இடிப்பின் காரணத்தைப் பின்னாளில் கூறும்.

மூன்றாவதாக, அங்கு வாழ்ந்தோரின் இசைவு பெற்று அவர்களையும், இடிக்கும் தொழிலாளர்களையும் எடுக்க. வீட்டை இழந்து நிற்போரின் கண்ணீரைக் கேளாது படமாக்குதல் அறமன்று.

நான்காவதாக, இடிக்கும் நாளில் ஒரே இடத்தில் நின்று, காலை முதல் மாலை வரை எடுக்க. ஆனி, ஆடி மாதங்களில் இங்குள்ள காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்றே புழுதியையும் கிழக்கே தள்ளும். ஆதலால் மேற்கே, பாதுகாப்பான தொலைவில் நிற்பது நன்று. மாலை வெயிலும் முதுகுப்புறம் அமையும்.

ஐந்தாவதாக, ஊர், தெரு, நாள், காரணம் ஆகியவற்றை எழுதிப் படத்துடன் வைக்க. கைபேசியில் மட்டும் உள்ள படம் கைபேசியோடு போய்விடும். ஒரு படி கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும்.

நிறைவுரை

எல்லாக் கட்டடங்களையும் காப்பாற்ற இயலாது. பாழடைந்து உயிருக்கு ஊறு விளைப்பவற்றை இடித்தே ஆகவேண்டும். ஆயின், இடிபடுவது எதுவென்று அறிந்து இடித்தலும், அறியாது இடித்தலும் ஒன்றாகா. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் பிறந்தோர், பாஞ்சாலங்குறிச்சியின் உருவத்தைப் பகைவரின் ஏட்டிலிருந்து அறிய வேண்டியவராயினர். இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் கருவி உள்ளது. தம் தெருவில் இடிபடவிருக்கும் ஒரு கட்டடத்தையேனும் ஒவ்வொருவரும் இவ்வாண்டில் முறையாகப் பதிவு செய்வாராயின், நம் ஊர்களின் வரலாற்றை எழுத வருவோர்க்கு அது பேருதவியாக அமையும்.