பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஐடிஹெச்1’: பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேனில் மூளையில் கட்டி என்று தெரிந்து ஆபரேஷன் செய்தார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 2, ஐடிஹெச்1 மியூட்டன்ட்’ என்று இருக்கிறது. மரபணுக் கோளாறு என்றால் பரம்பரை நோய்தானே? அவன் குழந்தைகள் இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்கணுமா, டாக்டர்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: குழந்தைகளுக்கு டெஸ்ட் வேண்டாம். இந்த மாற்றம் உங்கள் தம்பி பிறக்கும்போதே கொண்டுவந்தது அல்ல. மூளையில் ஏதோ ஒரு செல்லில் பின்னாளில் ஏற்பட்டு, அதிலிருந்து பெருகிய கட்டியோடு நிற்பது. பிள்ளைகளுக்குப் போகாது.

ஐடிஹெச்1 மரபணு உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது, 2-வது குரோமோசோமில். அது உருவாக்கும் நொதி, ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டாக மாற்றும். அந்த வேலையில் என்ஏடிபிஹெச் என்ற பொருளும் கிடைக்கும். செல் கொழுப்பு தயாரிக்கவும், ஆக்சிஜனால் வரும் சேதத்தைச் சமாளிக்கவும் அது தேவை. (பள்ளியில் படித்த கிரெப்ஸ் சுழற்சி நினைவுக்கு வருகிறதா? அங்கே மைட்டோகாண்ட்ரியாவில் இதே வேலையைச் செய்வது இதன் பங்காளி நொதி. இது பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் இருப்பது.)

2008-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மூளைக் கட்டிகளின் மரபணுக்களை வரிசையாகப் படித்தபோது, யாரும் சந்தேகப்படாத இந்த மரபணு அகப்பட்டது. மாற்றம் எப்போதும் ஒரே இடத்தில்: நொதியின் 132-வது அமினோ அமிலம். பெரும்பாலும் ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின் வந்திருக்கும். நொதி கெட்டுப்போய் வேலை நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். மரபணு கெடுவதற்கு எத்தனையோ இடம் இருக்க, ஏன் 132 மட்டும்? 2009-ல் விடை கிடைத்தது. மாறிய நொதி சும்மா இருப்பதில்லை; ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டையே எடுத்து 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் என்ற வேறொரு பொருளாக்குகிறது. டிஎன்ஏ மீது ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளை நீக்கும் நொதிகளை இந்தப் பொருள் தடுத்துவிடும். குறிகள் குவியக் குவிய, செல் முதிர வேண்டிய நேரத்தில் முதிராமல் பெருகிக்கொண்டே போகிறது.

ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். உண்மையில் இந்த மாற்றம் இல்லாத கட்டிகள்தான் பெரும்பாலும் வேகமாக வளர்கின்றன. தவிர, குறிவைக்க ஓர் இலக்கும் கிடைத்திருக்கிறது. இந்த நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி தந்தது. கிரேடு 2 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், மாத்திரை எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு 27.7 மாதம் வரை நோய் முற்றவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் அது 11.1 மாதம். நோயை அடியோடு தீர்க்கும் மருந்தல்ல இது. கல்லீரல் பரிசோதனையும் அடிக்கடி தேவைப்படும். ஆபரேஷனில் கட்டி எவ்வளவு அகற்றப்பட்டது என்பதைப் பொறுத்து, ஸ்கேன் மட்டும் எடுத்துக் காத்திருக்கவும் சொல்லலாம்.

அடுத்த முறை போகும்போது ஒன்று கேளுங்கள்: சிடிகேஎன்2ஏ மரபணுவையும் பார்த்தார்களா? அதன் இரண்டு பிரதிகளும் அழிந்திருந்தால், மைக்ராஸ்கோப்பில் கிரேடு 2 போலத் தெரிந்தாலும் அந்தக் கட்டி கிரேடு 4-ல் சேரும், சிகிச்சையும் மாறும்.