உரிமத் துப்பாக்கிக்கு ஒரு சின்னப் பெட்டகம்: வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

உங்க வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறதா? இல்லையென்றாலும் இதைப் படியுங்க. உங்க குழந்தை விளையாடப் போகும் சித்தப்பா வீட்டிலோ, பக்கத்துத் தோட்டத்து வீட்டிலோ ஒன்று இருக்கலாம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், வங்கிக் காவல் பணியில் இருப்பவர்கள், காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காப்பாற்ற உரிமம் வாங்கிய விவசாயிகள், குறிபார்த்துச் சுடும் விளையாட்டு வீரர்கள், தற்காப்புக்காக வாங்கிய வியாபாரிகள் எனப் பலரிடமும் உரிமத் துப்பாக்கி உண்டு.

இவர்களில் பலர் துப்பாக்கியை எங்கே வைக்கிறார்கள்? பீரோவில் புடவைக்கு அடியில், பரண் மேல், கட்டில் மெத்தைக்குக் கீழே. "பசங்களுக்குத் தெரியாது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். தீபாவளிக்கு வாங்கி ஒளித்து வைத்த பட்டாசை எத்தனை நாளில் கண்டுபிடித்தார்கள் என்று யோசிச்சுப் பாருங்க. ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே, துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவேன், பாதுகாப்பாக வைப்பேன் என்று நீங்க உறுதிமொழி கொடுத்திருப்பீங்க. அது வெறும் கையெழுத்து இல்லை. உரிம நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு. 17-ஆவது பிரிவின்படி உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ முடியும்.

பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயம்: உரிமம் உங்க பெயரில் மட்டும்தான். குடும்பத்துக்குப் பொதுவானது இல்லை. மனைவி, மகன், டிரைவர் யாராக இருந்தாலும் அவர்கள் பெயரில் அனுமதி இல்லையென்றால் துப்பாக்கியை அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. உரிமம் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் ஆயுதத்தை இன்னொருவரிடம் ஒப்படைப்பது 29-ஆவது பிரிவின்படி குற்றம். அதனால் பெட்டகம் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு கனம்?" என்பது இல்லை. "இதை நான் மட்டும்தான் திறக்க முடியுமா?" என்பதுதான்.

'உடனே திறக்கும்' பெட்டகம் என்றால் என்ன?

நகைக் கடையில் இருப்பது போன்ற பெரிய இரும்புப் பெட்டகம் இல்லை. ஒரு ஷூ பெட்டி அளவில், ஒரு ரிவால்வரோ பிஸ்டலோ வைக்கும்படி இருக்கும். எண் பட்டன், கைரேகை, அல்லது பேட்டரி தேவைப்படாத இயந்திரப் பட்டன் ஆகியவற்றில் ஒன்றால் சில நொடியில் திறக்கும். தற்காப்புக்காக உரிமம் வாங்கியவர் துப்பாக்கியைத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொல்லும் காரணம் "அவசரத்துக்கு எடுக்கணும்" என்பதுதான். அந்தக் காரணத்தை இந்தப் பெட்டகம் இல்லாமல் செய்துவிடுகிறது. உங்களுக்குச் சில நொடி, மற்ற யாருக்கும் திறக்காது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிஞ்சுக்கணும். இந்தச் சின்னப் பெட்டகம் குழந்தையின் கையைத் தடுக்கும், வேலைக்கு வந்தவரின் ஆர்வத்தைத் தடுக்கும். கடப்பாரையோடு நேரம் எடுத்து வேலை செய்யும் திருடனை மட்டும் நம்பிக்கையாகத் தடுக்காது. அதற்கு அதைப் பொருத்தும் இடம்தான் துணை. அதைக் கீழே பார்ப்போம்.

பூட்டு: எது நம்பகமானது?

கைரேகைப் பூட்டு பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பத் திரும்ப விரல் வைத்துப் பார்த்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வயதானவர்கள், மண்வெட்டி பிடிப்பவர்கள், சிமென்ட் வேலை செய்பவர்கள் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சிரமம். அதனால் கைரேகை மட்டும் உள்ளதைத் தவிர்த்து, எண் பட்டனும் சேர்ந்திருப்பதாகப் பாருங்க.

கைரேகைப் பூட்டில் இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. சில பெட்டகங்களில் உங்க ரேகையைப் பதிவு செய்யும் வரை, யார் விரல் வைத்தாலும் திறக்கும். பெட்டியைப் பிரித்ததும் உங்க விரலை வைக்கிறீங்க, திறக்கிறது. "சரி, பதிஞ்சிடுச்சு" என்று நினைச்சுக்கிறீங்க. உண்மையில் எதுவும் பதியவில்லை. இதே காரணத்தால் அமெரிக்காவில் 2023 அக்டோபரில், நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்பின்படி, ஒரு நிறுவனத்தின் சுமார் 61,000 துப்பாக்கிப் பெட்டகங்கள் திரும்பப் பெறப்பட்டன. 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மரணம் தொடர்பான வழக்கும் அந்த அறிவிப்பில் குறிப்பிடப்பட்டிருந்தது.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். உங்க ரேகையைப் பதிந்த பிறகு, வெற்றுப் பெட்டகத்தைப் பூட்டி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் விரல் வைக்கச் சொல்லுங்க. உங்க இன்னொரு கை விரலையும் வைத்துப் பாருங்க. ஒன்றுக்காவது திறந்தால் அந்தப் பெட்டகம் வேண்டாம்.

எண் பூட்டு என்றால், கம்பெனியிலிருந்து வரும் எண்ணை முதல் வேலையாக மாற்றணும். பிறந்த வருடம், வண்டி நம்பர், போன் திறக்கும் எண் இதெல்லாம் வேண்டாம். அதெல்லாம் உங்க பசங்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நான்கு இலக்கத்தைவிட ஆறு இலக்கம் நல்லது. சில முறை தவறாக அழுத்தினால் கொஞ்ச நேரம் செயல்படாமல் நிற்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்க. ஒரே எண்ணை மாதக் கணக்கில் அழுத்தினால் அந்தப் பட்டன்கள் மட்டும் தேய்ந்து காட்டிக் கொடுக்கும். அவ்வப்போது துடைத்து, எண்ணை மாற்றுங்க.

போனில் புளூடூத் மூலம் திறக்கும் வகையும் சந்தையில் உண்டு. உங்க போனைத் திறக்கத் தெரிந்த குழந்தைக்கு அது துப்பாக்கியையும் திறந்து கொடுக்கும். தவிர்ப்பது நல்லது.

மாற்றுச் சாவி: மறந்துபோகும் ஓட்டை

பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு சாவி கொடுப்பார்கள். பூட்டு எவ்வளவு நவீனமாக இருந்தாலும், அந்தச் சாவி பூஜை அறை ஆணியில் தொங்கினால் எல்லாம் வீண். பீரோ சாவிக் கொத்தில் சேர்க்காதீங்க. வீட்டுக்கு வெளியே, உதாரணமாக வங்கி லாக்கரில் வைக்கலாம். சாவித் துவாரம் மெல்லிய சூட்கேஸ் பூட்டு மாதிரி இருந்தால் அதை வாங்காதீங்க.

பேட்டரி குறையும்போது ஒலி எழுப்புமா, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் திறக்கும் வசதி உண்டா என்றும் பாருங்க. வருடத்துக்கு இரண்டு முறை, சித்திரை முதல் நாளும் ஆயுத பூஜையும் என்று வைத்துக்கொண்டு பேட்டரியை மாற்றிவிட்டால் மறக்காது.

கடையிலேயே செய்யும் மூன்று சோதனை

1. தட்டிப் பாருங்க. மலிவான மின்னணுப் பெட்டகங்களில் ஸ்பிரிங் வைத்த சின்ன முள் ஒன்றுதான் கதவைப் பிடித்திருக்கும். மேலே ஓங்கிக் குத்தியபடி கைப்பிடியைத் திருப்பினால் அந்த முள் துள்ளி, கதவு திறந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே செய்து பாருங்க.

2. இடுக்கைப் பாருங்க. பூட்டிய கதவின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் நுனி நுழையும் அளவு இடைவெளி இருக்கக் கூடாது. கதவை அமுக்கினால் தகடு உள்ளே வளையக் கூடாது. கீல் வெளியே தெரியாமல் உள்பக்கம் இருப்பது நல்லது.

3. தூக்கிப் பாருங்க. உங்களால் ஒரு கையில் தூக்க முடிந்தால் திருடனாலும் முடியும். அடியிலோ பின்புறமோ போல்ட் போடும் துளைகள் இருக்கணும். போல்ட்டின் தலை பெட்டகத்துக்கு உள்ளே வரணும்.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

சொந்த வீடு என்றால் கான்கிரீட் தரையிலோ உறுதியான சுவரிலோ ஆங்கர் போல்ட் போட்டுப் பொருத்தலாம். பூச்சு உதிரும் பழைய செங்கல் சுவரும், உள்ளே வெற்றிடம் உள்ள கல் சுவரும் போல்ட்டைப் பிடிக்காது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாவிட்டால், இரும்பு பீரோவின் அடித்தட்டில் போல்ட் போட்டு இறுக்குங்க. பீரோ கதவு ஒரு பூட்டு, பெட்டகம் இரண்டாவது பூட்டு.

ஜன்னலுக்கு நேராகவோ, விருந்தினர் வந்து போகும் அறையிலோ வேண்டாம். சமையலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் துரு சீக்கிரம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போட்டு, மாதம் ஒரு முறை திறந்து பாருங்க.

நீளத் துப்பாக்கி இருந்தால்?

12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி இந்தச் சின்னப் பெட்டியில் அடங்காது. உயரமான இரும்பு அலமாரி தேவை. மடக்கித் திறக்கும் வகையாக இருந்தால் குழலையும் கட்டையையும் தனித்தனியாகக் கழற்றி, இரண்டு இடத்தில் பூட்டி வைக்கலாம். கழற்ற முடியாதவற்றுக்கு விசைப் பூட்டு அல்லது கேபிள் பூட்டு போடணும். பயிர்ப் பாதுகாப்புக்கான, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்றால் கரிமருந்தை அடுப்பு, விளக்கு, மின்சாரப் பெட்டி ஆகியவற்றிலிருந்து தள்ளித் தனியாகப் பூட்டி வைக்கணும்.

தோட்டா தனி, துப்பாக்கி தனி

குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமரசம் வேண்டாம். தோட்டா எடுக்கப்பட்ட துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டிய பெட்டியில். "அப்போ அவசரத்துக்கு என்ன பண்றது?" என்று கேட்பீங்க. இரண்டு பூட்டையும் திறக்க ஆகும் நேரத்தில் கதவைத் தாழ் போட்டு 112-ஐ அழைக்கலாம். 'காவல் உதவி' செயலியில் அவசரப் பட்டனை அழுத்தலாம். நள்ளிரவில் கேட்கும் சத்தம் திருடனாக இருக்கலாம், தண்ணீர் குடிக்க எழுந்த மகளாகவும் இருக்கலாம். அந்தச் சில நொடி, வந்தது யாரென்று பார்ப்பதற்கான நேரம்.

இன்னொன்றும் சொல்லியாகணும். வெளியாளைவிட வீட்டுக்குள் இருக்கும் மனவேதனைதான் சில வீடுகளில் பெரிய ஆபத்து. தேர்வு முடிவு, கடன், குடும்பத் தகராறு என்று யாராவது உடைந்துபோய் இருந்தால், அந்த நாட்களில் பூட்டு மட்டும் போதாது. துப்பாக்கியை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்க. காவல் நிலையத்தை அணுகுங்க, அல்லது பாதுகாப்பு வைப்புக்கு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்குங்க. துப்பாக்கி வைத்திருப்பவரே அந்த வேதனையில் இருந்தாலும் இதுதான் வழி. பேச ஒருவர் வேண்டுமென்றால் 104, 14416 ஆகிய எண்கள் இருக்கின்றன.

குடும்பத்தாருக்கு என்ன தெரிந்திருக்கணும்?

எண் தெரியக் கூடாது. ஆனால் துப்பாக்கி இருப்பதும், அதைத் தொடக் கூடாது என்பதும், தற்செயலாக வெளியே கண்டால் கை வைக்காமல் பெரியவர்களைக் கூப்பிடணும் என்பதும் குழந்தைக்கும் தெரியணும். உரிமதாரர் இறந்துவிட்டால், வாரிசுகள் துப்பாக்கியைத் தங்களிடமே வைத்துக்கொள்ள முடியாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, உரிமம் வழங்கிய அதிகாரிக்குத் தெரிவிக்கணும்.

துப்பாக்கி காணாமல் போனால் "தேடிப் பார்த்துட்டுச் சொல்லலாம்" என்று காத்திருக்காதீங்க. உடனே அருகில் உள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுங்க. துப்பாக்கி எண், உரிம எண், தனிப்பட்ட அடையாள எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, துப்பாக்கி இல்லாத வேறொரு இடத்தில் வைத்திருங்க. பெட்டகத்தின் எண்ணை மட்டும் போனில் படம் பிடித்து வைக்காதீங்க. பெட்டகத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதீங்க.

இன்றைக்கே பார்க்க வேண்டியவை

• துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது? பூட்டியிருக்கிறதா, ஒளித்து மட்டும் வைத்திருக்கிறதா?
• அதில் தோட்டா இருக்கிறதா?
• அந்தப் பூட்டின் சாவியோ எண்ணோ வேறு யாருக்குத் தெரியும்?
• பெட்டகம் தரையிலோ சுவரிலோ பொருத்தப்பட்டிருக்கிறதா?
• உரிமம் எந்தத் தேதி வரை செல்லும்? 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமக் காலம் 5 ஆண்டு. ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது பொதுவான வரம்பு.

இந்த ஐந்தில் ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும், புதுப் பெட்டகம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். தோட்டாவை எடுத்துத் தனியாகப் பூட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை. அதை இன்று இரவே செய்துவிடுங்க.