குச்சிக்குப் பெயர் கட்டுங்கள்

ஆத்தூர், ராசிபுரம் பக்கம் யாரைக் கேட்டாலும் "ஹெச் போட்டிருக்கேனுங்க" என்பார்கள். எந்த ஹெச்? திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் ஹெச்-97, ஹெச்-165, ஹெச்-226 என மூன்று மரவள்ளி ரகங்களை வெளியிட்டது. ஹெச் என்றால் ஹைபிரிட், அவ்வளவுதான். வெறும் ஹெச் என்பது, பெயர் கேட்டால் "மனுசன்" என்று சொல்வது மாதிரி.

செய்ய வேண்டியவை

• எண்ணை முழுதாகச் சொல்லுங்கள். ஹெச் நீங்கலாக, முன்னால் நிற்கும் எழுத்து பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சொல்லும். கோ என்றால் கோயம்புத்தூர். ஒய்.டி.பி-1 என்றால் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளை. ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ அதுல்யா என்று 'ஸ்ரீ' போட்டு வந்தால் திருவனந்தபுரம்.

• நீங்களே இரண்டு ரகங்களைக் கலப்பு செய்து பார்ப்பவர் என்றால் தாயை முதலிலும் தகப்பனைப் பிறகும் எழுதுங்கள். ஹெச்-226-க்குத் தாய் கேரளத்து நாட்டு ரகம் ஏத்தக்காக்கருப்பன். தகப்பன் மலேயாவிலிருந்து வந்த எம்-4. ஐரிஸ் பூ வளர்ப்பவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அதுவும் மரவள்ளி மாதிரி விதையில்லாமல் பெருக்கும் செடி, கிழங்கைப் பிரித்து நடுவார்கள். குமிழ் வகை நீங்கலாக, உலகத்து ஐரிஸ் பெயர்களுக்கெல்லாம் அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1955 முதல் பதிவேடு வைத்திருக்கிறது. நமக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

• கொழுந்தின் நிறம், இலைக்காம்பின் நிறம், கிழங்கின் உள்தோல் நிறம் மூன்றையும் குறியுங்கள். நோயில்லாத செடியில் பாருங்கள். தேமல் விழுந்த இலை சுருண்டு, எந்த ரகத்தையும் வேறு ரகமாகக் காட்டும்.

• குச்சிக் கட்டில் காகிதச் சீட்டு வேண்டாம், ஒரு மழைக்குத் தாங்காது. குளிர்பான டப்பாத் தகட்டை வெட்டி, ரகம், யார் தோட்டம், வெட்டிய தேதி மூன்றையும் ஆணியால் கீறி, கம்பியில் கட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

• விதை விழுந்து முளைத்த செடிக்குத் தாயின் பெயரை வைக்காதீர்கள். மரவள்ளியில் ஒரே கொத்தில் பெண் பூ முதலில் விரியும், ஆண் பூ பின்னால். அதனால் பக்கத்து வயல் மகரந்தம் பூச்சி வழியாக வந்து சேரும். ஒரு காயில் உள்ள மூன்று விதையும் மூன்று விதமாக இருக்கலாம். கரணை வெட்டி நட்டால்தான் அதே ரகம்.

• ஆலையில் மாவுச்சத்தை அளந்து சொல்லும் பாயிண்டைப் பெயரோடு ஒட்டாதீர்கள். மாவுச்சத்து அறுவடை மாதத்தையும் மழையையும் பொறுத்தது.

• புது ரகத்துக்கு ஆசைக்குப் பெயர் வைக்காதீர்கள். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டப்படி வெறும் எண்ணைப் பெயராகப் பதிய முடியாது. '226' மட்டும் செல்லாது. ஏமாற்றும் பெயரும் கூடாது. விளையாத மாவை விளைவதாகக் காட்டும் 'சூப்பர் ஸ்டார்ச்' அங்கேயே நின்றுவிடும். ஊர்ப்பெயர் கலந்தாலும் பதிவாளர் நியாயம் பார்த்துத்தான் ஏற்பார். 'தாய்லாந்து' என்று நாம் வாய்க்கு வந்தபடி அழைப்பதெல்லாம் சந்தைப் பேச்சோடு சரி.

• ஹைபிரிட் என்பதால் நோய் தாங்கும் என்று நம்பாதீர்கள். 226-இல் தேமல் எளிதாக விழும்.

• இரண்டு ரகத்துக் கட்டுகளை ஒரே மர நிழலில் சாய்த்து வைக்காதீர்கள். ஒரு வருசம் முள்ளுவாடி ரகம் என்று சொன்ன குச்சியைத் தரகர் ஒருவரிடம் வாங்கி நட்டேன். நாலாம் மாதம் ஒரே வரிசையில் சிவப்புக் காம்பு, பச்சைக் காம்பு, இரண்டும் கலந்த காம்பு. போன் போட்டுக் கேட்டதற்கு, "எல்லாமே முள்ளுவாடிதானுங்க, உங்க மண்ணு அப்படி" என்றார்.