லொறிக்கு எந்த ஒயில்? வாரண்டியைக் காப்பாற்றிக் கொள்ளுங்கள்

நமது தோட்டங்களில் இப்போது இளைஞர் பலர் லீசிங்கில் லொறி எடுத்து கொழுந்தும் மரக்கறியும் ஏற்றுகிறார்கள். மாதா மாதம் தவணை கட்டியாக வேண்டும். எஞ்சின் இறுகிவிட்டால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது.

அப்படி ஒரு தம்பி எம்மிடம் வந்தார். புது லொறி. வாரண்டி முடிய இன்னும் மாதங்கள் இருந்தன. விற்ற கம்பனி கேட்டது இரண்டே கேள்விதான்: "என்ன ஒயில் போட்டீங்க? பில் எங்கே?" நல்ல ஒயில்தான் போட்டேன் என்று தம்பி சத்தியம் பண்ணினார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நாம் எழுதிய கடிதமும் பலிக்கவில்லை.

ஒயில் வாங்கும்போது நம்மவர் பார்ப்பது கம்பனிப் பெயரும் விலையும். கைநூல் கேட்பதோ வேறு இரண்டு விஷயங்கள்: தடிப்பு எவ்வளவு, தரம் எது. கைநூல் இங்கிலீசில் இருப்பதால் பிளாஸ்டிக் பையோடு அப்படியே கிடக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு எஞ்சின் ஒயில் பக்கத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

தடிப்பைக் காட்டுவது எஸ்.ஏ.ஈ. இலக்கம். 15 டபிள்யூ–40 என்பதில் முன்னால் உள்ளது குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பது. பின்னால் உள்ள 40, எஞ்சின் சூடேறிய பிறகு, அதாவது 100 பாகை செல்சியஸில், உள்ள தடிப்பு. "மலைப் பக்கம் குளிர், வேற ஒயில் போடணும்" என்று சிலர் சொல்வார்கள். 15 டபிள்யூ ஒயிலைச் சோதிப்பதே பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில்தான். நுவரெலியாவில் ஜனவரி மாதம் புல்லில் பனி உறைந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. "ஏற்றம் கூட, 50 போட்டாத்தான் தாங்கும்" என்பதும் கராஜ் பேச்சே. கைநூலில் இல்லாத தடிப்பைப் போட்டால், மறுப்பதற்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

தரத்தைக் காட்டுவது ஏ.பீ.ஐ. எழுத்துகள். சீ என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு, எஸ் என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு. சீ.எச்–4 1998இலும், சீ.ஐ–4 2002இலும், சீ.கே–4 2016 டிசம்பரிலும் வந்தவை. கைநூல் சீ.ஐ–4 கேட்டால் சீ.எச்–4 போடக் கூடாது. கடையில் நடப்பது இதுதான்:

"முதலாளி, சீ.ஐ–4 இருக்கா?"

"அது இல்ல தம்பி, இதுவும் 15–40 தான். விலையும் கொறவு."

தடிப்பு ஒன்றாக இருந்தாலும் தரம் வேறு. கேனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள புது வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. சாம்பல் குறைந்த ஒயிலைத்தான் அது கேட்கும். இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

கைநூலில் சொன்ன தரம் இருந்தால் எந்தக் கம்பனி ஒயிலும் சரியா? அது வாரண்டிப் பத்திரத்தைப் பொறுத்தது. சில பத்திரங்கள் தரத்தை மட்டும் சொல்லும். சிலவற்றில் 'எமது சேர்விஸ் நிலையத்திலேயே மாற்ற வேண்டும்' என்றிருக்கும். அப்படியிருந்தால் வெளியே கராஜில் மாற்றி மிச்சப்படுத்தும் காசு பெரிய காசல்ல. சந்தேகம் இருந்தால் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்ன பதிலைப் பிறகு காட்ட முடியாது.

மாற்றும் காலத்திலும் நம்மவர் தவறுகிறார்கள். ஏற்றம், தூசு, குறுகிய ஓட்டம், கொழுந்து நிறுக்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிற்பது, இவை எல்லாம் கைநூலில் 'கடும் பாவனை' என்ற கணக்கில் வரும். அதற்குக் குறைந்த கிலோமீற்றர் தனியாகப் போட்டிருக்கும். நமது லொறிகளுக்குப் பொருந்துவது அந்தக் கணக்கே. ஒயில் கறுத்துவிட்டது என்று பதற வேண்டாம். டீசல் கரியைப் படியவிடாமல் தன்னோடு வைத்திருப்பது ஒயிலின் வேலை, அதனால் சீக்கிரம் கறுக்கும். அளவு பார்க்கும்போது மட்டும் லொறி சமதரையில் நிற்க வேண்டும். லயத்துக்குப் பக்கத்துச் சரிவில் நிறுத்திக் கம்பியை இழுத்துப் பார்த்தால் தப்பான அளவுதான் காட்டும்.

ஒவ்வொரு முறையும் பில்லில் ஒயிலின் பெயர், எஸ்.ஏ.ஈ., ஏ.பீ.ஐ., லீட்டர் அளவு, திகதி, லொறி இலக்கம் இருக்க வேண்டும். பில்டரின் பில்லையும் சேர்த்து வையுங்கள். சேர்விஸ் புத்தகத்தில் கிலோமீற்றரைப் போட்டு முத்திரை வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. வெறும் கேனைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். போலி ஒயில் நிரப்புகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். ஓட்டை போட்டு எறியுங்கள்.

வாரண்டி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாரண்டி மீறல் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க அதே அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு, தொலைபேசி 1977. முறைப்பாட்டுக் கடிதம் எழுத உதவி வேண்டியவர்கள் கைநூல், சேர்விஸ் புத்தகம், பில்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வரலாம்.