கேமரா சென்சார் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? சோதித்து எழுதிவைக்கும் முறை

2015இல் கூகுளும் எல்ஜியும் சேர்ந்து கொண்டுவந்த நெக்ஸஸ் 5எக்ஸ் போனில், பின்பக்கக் கேமராவின் சென்சார் வழக்கத்துக்கு நேர்மாறாகத் திரும்பியிருந்தது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களின் பின்கேமரா தன் சுழற்சியை 90 டிகிரி என்று அறிவிக்கும். இதுவோ 270 என்றது. அந்த எண்ணைப் படித்துச் செயல்பட்ட செயலிகளில் படம் ஒழுங்காக வந்தது. எல்லா போனுக்கும் 90தான் என்ற நினைப்பில் எழுதப்பட்ட செயலிகளிலோ, ஆட்கள் தலைகீழாகத் தொங்கினார்கள்.

சென்சாரைத் திருப்பிப் பொருத்துவது குற்றமில்லை. இடநெருக்கடி, ரிப்பன் கேபிள் வரும் பக்கம், மேற்கூரையில் மாட்டும் வசதி எனக் காரணங்கள் பல. திருப்பியதைச் சரியாகப் பதிவு செய்யாததுதான் சிக்கல். கோணத்தை மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பக்கம் நின்று பார்த்த கோணம், படத்தை நிமிர்த்தியது யார் என்பவையும் வேண்டும். இந்த மூன்றையும் கண்டுபிடிக்க ராஸ்பெர்ரி பை கேமரா 2 போன்ற சிறு கேமராவும் ஒரு மதியப்பொழுதும் போதும்.

படி 1: சோதனை அட்டை

எப்படித் திருப்பினாலும், கண்ணாடியில் காட்டினாலும் வேறாகத் தெரியும் உருவம் தேவை. 'ப' உதவாது, இடவலமாகக் கவிழ்த்தாலும் அது 'ப'தான். 'ழ' நல்ல தேர்வு. வெள்ளை அட்டையில் பெரிதாக 'ழ' எழுதி, மேலே ஓர் அம்புக்குறி போட்டு, நான்கு மூலைகளிலும் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என நான்கு வண்ணக் காகிதங்களை ஒட்ட வேண்டும். எந்த மூலையில் எந்த வண்ணம் என்பதுதான் பதிவேட்டின் முதல் வரி.

படி 2: நேர்நிறுத்தம்

அட்டையைச் சுவரில் ஒட்டித் தூக்குக்குண்டால் நேர் பார்க்க வேண்டும். கேமரா தாங்கியை ரசமட்டம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். கேமரா பலகையில் கேபிள் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைப் படமெடுத்துக்கொள்வது நல்லது. பிற்பாடு எவருக்கும் புரியக்கூடிய அடையாளம் அதுதான்.

படி 3: திருத்தங்களை நீக்குதல்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ராஸ்பெர்ரி பை கேமரா 2-இல் உள்ள சோனி ஐஎம்எக்ஸ்219 சென்சாருக்கு, லினக்ஸ் அமைப்பில் சுழற்சி 180 என்றே முன்கூட்டி எழுதப்பட்டிருக்கிறது. அதனால் கேபிள் கீழே இருக்கும்படி வைத்தால் படம் தானாக நிமிர்ந்து வரும். உண்மை நிலையைப் பார்க்க, கான்ஃபிக் கோப்பில் கேமராவைத் தானாகக் கண்டறியும் வசதியை நிறுத்தி, சென்சார் வரியில் சுழற்சி 0 என்று எழுதி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இப்போது அட்டை தலைகீழாகத் தெரியும். இந்தப் படத்தையும், பழைய அமைப்பில் வந்த படத்தையும் தனித்தனிப் பெயரில் சேமிக்க வேண்டும்.

படி 4: நான்கு கோணங்கள்

மீண்டும் பழைய அமைப்புக்கு வந்து, கேமராவின் பின்னால் நின்றபடி அதை வலஞ்சுழியாக 0, 90, 180, 270 டிகிரி திருப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு படம். வலஞ்சுழி என்பது கடிகார முள் செல்லும் திசை. லென்ஸ் பக்கம் நின்று பார்ப்பவருக்கு அதுவே இடஞ்சுழி. ஆகவே நின்ற பக்கத்தைக் குறிக்காத கோணம் பயனற்றது. கேமரா வலஞ்சுழியாக 90 டிகிரி திரும்பினால் படத்துக்குள் காட்சி இடஞ்சுழியாகச் சாயும். அட்டையின் மேல்விளிம்பு படத்தின் இடப்பக்கம் போய்விடும்.

180ஐ மட்டும் சோதித்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. லினக்ஸ், படத்தை நிமிர்த்த வேண்டிய கோணத்தை இடஞ்சுழியாகச் சொல்கிறது. ஆண்ட்ராய்டு வலஞ்சுழியாகச் சொல்கிறது. அங்கே 90 என்பது இங்கே 270. 180 இரண்டிலும் 180தான் என்பதால், திசைக் குழப்பம் அதில் வெளியே தெரியாது.

படி 5: பிக்சலா, குறிப்பா?

போன்களும் டிஜிட்டல் கேமராக்களும் பெரும்பாலும் பிக்சல்களைத் தொடுவதே இல்லை. 'இப்படித் திருப்பிக் காட்டு' என்ற எண்ணை படக்கோப்போடு சேர்ந்திருக்கும் எக்ஸிஃப் குறிப்பில் எழுதிவிடுகின்றன. 1 என்றால் நிமிர்ந்த படம்; 3 என்றால் 180 டிகிரி; 6 என்றால் வலஞ்சுழியாக 90 திருப்பிக் காட்ட வேண்டும்; 8 என்றால் இடஞ்சுழியாக 90. மீதியுள்ள 2, 4, 5, 7 கண்ணாடிப் பிம்பங்களுக்கானவை. எக்ஸிஃப்டூல் போன்ற கருவியால் எண்ணைப் படித்து, குறிப்பை மதிக்காத ஒரு மென்பொருளிலும் படத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும்.

படி 6: நகரும் குச்சி

நிமிர்த்தியது சென்சாரா மென்பொருளா என்பதை நிலையான படம் காட்டிக்கொடுக்காது. அசையும் பொருள் காட்டிவிடும். ஐஎம்எக்ஸ்219 படத்தை வரிவரியாகப் படிக்கிறது. செங்குத்தான குச்சியை இடமிருந்து வலமாக வேகமாக நகர்த்தினால், மேல்வரி முதலில் படிக்கப்படும்போது குச்சியின் அடிப்பகுதி வலப்பக்கம் தள்ளித் தெரியும்.

திருப்பிப் பொருத்திய சென்சார், வாசிப்பு வரிசையையே மாற்றிப் படத்தை நிமிர்த்தினால் இந்தச் சாய்வு அப்படியே இருக்கும். படம் எடுத்த பிறகு மென்பொருள் 180 திருப்பியிருந்தால் காட்சியின் அடிவரிதான் முதலில் படிக்கப்பட்டிருக்கும். குச்சியின் தலை வலப்பக்கம் தள்ளும். 90 டிகிரியில் குச்சி சாயாது. தடித்தோ மெலிந்தோ தெரியும். சென்சார் தன் வரிகளை மேல்கீழாகவும் இடவலமாகவும் மட்டுமே புரட்டிப் படிக்க வல்லது. 90 டிகிரிக்கு, 3280 × 2464 பிக்சல்கள் கொண்ட முழுப் படத்தையும் நினைவகத்தில் வைத்துத்தான் திருப்ப வேண்டும்.

படி 7: மூலக்கோப்பின் நிற வரிசை

சென்சார் தந்தபடியே பதிவாகும் மூலக்கோப்பில் (RAW), ஐஎம்எக்ஸ்219இன் மேல் இடது மூலையிலுள்ள 2 × 2 கட்டத்தின் நான்கு பிக்சல்கள் சிவப்பு, பச்சை, பச்சை, நீலம் என்ற வரிசையில் இருக்கும். இருபுறமும் புரட்டிப் படித்தால் அது நீலம், பச்சை, பச்சை, சிவப்பு ஆகும். மென்பொருளுக்கு இது தெரியாவிட்டால் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிடும். அட்டையின் வண்ண மூலைகள் இங்கே மறுபடியும் கைகொடுக்கும். எல்லா சென்சாரும் இப்படி வரிசை மாறுவதில்லை என்பதால் ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

படி 8: பதிவு

இறுதிக் குறிப்பு இப்படி இருக்கலாம்: 'ராஸ்பெர்ரி பை கேமரா 2, ஐஎம்எக்ஸ்219. கேபிள் கீழ்நோக்கி. பின்னால் நின்று பார்த்தது. லினக்ஸ் சுழற்சி 180. திருத்தம் சென்சார் வாசிப்பில். மென்பொருளில் கூடுதல் திருப்பம் இல்லை. மூலக்கோப்பின் நிற வரிசை: நீலம், பச்சை, பச்சை, சிவப்பு.'

இதோடு திருத்தம் செய்யாத அட்டைப் படத்தையும் அதே கோப்புறையில் வைத்துவிடுங்கள். எழுதியவர் திசையை மாற்றிக் குறித்திருந்தாலும், அடுத்து வருபவர் படத்திலிருந்தே கோணத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.