ஆய்விதழின் காப்பும் வாய்மையும்

தீபாவளிக்கு மறுநாட் காலையில் விருதுநகர், சிவகாசிப் பக்கத்துத் தெருக்களில் நடப்பார் தம் காலடியில் எழுத்துக்களைக் காண்பர். வெடிக்குழாய்களிற் பல பழந்தாளைச் சுருட்டிச் செய்யப்படுவன. ஆதலின், வெடித்துச் சிதறிய துணுக்குகளில் செய்தித்தாளின் ஒரு வரியும், யாரோ ஒரு சிறுவன் போட்ட கூட்டற்கணக்கும், பழைய பாடநூலின் ஒரு மூலையும் கிடக்கும். சென்ற தீபாவளிக்கு மறுநாள், அண்டை வீட்டுப் பிள்ளைகள் கொளுத்திய சரத்தின் குப்பையை எம் வாயிலிற் பெருக்கியபோது, கருகிய ஓரத்தோடு உள்ளங்கையளவான அச்சுத்துண்டு ஒன்று எமக்குக் கிடைத்தது. பாலைத்திணையைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையொன்றின் அடிப்பகுதி அது. ஆசிரியர் பெயர் இல்லை, இதழின் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. அடிக்குறிப்பு ஒன்று மட்டும் சிதையாது நின்றது: “மேற்படி நூல், ப. 112.” அந்த மேற்படி நூல் யாது என்று சொல்லும் மேற்பகுதி தீயிற் போயிற்று.

ஆராய்ச்சியாவது, ஒருவர் கண்டதைப் பிறரும் சென்று காணுதற்குரிய வழியோடு எழுதிவைத்தல். வழி அழியுமாயின் கண்டதும் ஏறக்குறைய அழிந்ததேயாம். இதனைத் தமிழ் பயிலும் நாம் நன்கு உணர்தற்குரிய நிகழ்ச்சி ஒன்றுண்டு.

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள் 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினார்கள். எடுத்தால் ஓரம் ஒடியும் ஏடுகளைக் கொண்டு, பெரும் பொருட்செலவில் அவர்கள் செய்த அத்தொண்டு இல்லையேல், நம் வகுப்பில் இன்று பொருளதிகாரம் எந்நிலையில் இருக்குமோ! அப்பதிப்பில் இறுதி இயல்களின் உரையும் நச்சினார்க்கினியர் பெயராலேயே வெளிவந்தது. பின்னர், 1901-இல் பாண்டித்துரைத் தேவர் அவர்கள் மதுரையிற் றமிழ்ச் சங்கத்தை நிறுவினார்கள். மறு ஆண்டின் இறுதியிற் சங்கத்தின் சார்பாகச் ‘செந்தமிழ்’ என்னும் இதழ் தோன்றிற்று. அதன் முதல் ஆசிரியராகிய ரா. இராகவையங்கார் அவர்கள், மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் இறுதி நான்கியல்களுக்கும் அச்சிடப்பெற்ற உரை பேராசிரியருடையதே என்பதனைச் சான்று காட்டி அவ்விதழில் நாட்டினார்கள். பின்வந்த பதிப்பாசிரியர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். தாமோதரம் பிள்ளை அவர்களோ 1901-ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே மறைந்தமையால், மறுமொழி கூற இலர்.

ஈண்டு நாம் நோக்கற்பாலது இது. 1885-ஆம் ஆண்டுப் பதிப்பை எவரும் அழித்தாரில்லை. அதன் தலைப்பைச் சுரண்டித் திருத்தினாரும் இல்லை. பிழை தன் ஆண்டோடும் தன் பெயரோடும் ஓரிடத்தில் நின்றது. திருத்தம் தன் ஆண்டோடும் தன் பெயரோடும் பிறிதோரிடத்தில் நின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவனே, ஒரு முடிபு எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிவான். ஆகவே காக்கப்படவேண்டுவன சரியான கட்டுரைகள் மட்டுமல்ல. பிழைபட்ட கட்டுரைகளும் காக்கப்படவேண்டும். உ. வே. சாமிநாதையர் அவர்கள் தம் பதிப்புக்களிற் பாடபேதங்களையும், ஏடு உதவினார் பெயர்களையும் குறித்துச் சென்றதும் இக்கருத்துப் பற்றியே என்று எண்ணுகிறோம். தாம் கொண்ட பாடம் தவறாயின், பிறர் தம்மைத் திருத்துதற்கு வேண்டிய கருவியைத் தாமே நம் கையிற் கொடுத்துச் சென்றார்கள்.

இதற்கு மாறானதொன்றும் நம் கிறிஸ்தவப் புலமை வரலாற்றிலேயே நிகழ்ந்தது. அதனை மறைப்பது முறையன்று. இடையன்குடிக் கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்டு 1875-இல் விரித்தெழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், அவர் மறைந்தபின் 1913-இல் மூன்றாம் பதிப்பாக வந்தபோது, ஆசிரியர் எழுதிய பகுதிகள் பல விடப்பட்டன. நெடுங்காலம் மாணவர் கையில் வழங்கியது அக்குறைப்பதிப்பே. 2008-இல் கவிதாசரண் வெளியீடாக 1875-ஆம் ஆண்டு நூல் முழுமையாக மீண்டும் அச்சேறியது. இடைப்பட்ட தொண்ணூற்றைந்து ஆண்டுகளில், கால்டுவெல்லைப் புகழ்ந்தாரும் இகழ்ந்தாரும் அவர் எழுதியதனைத்தையும் படித்தாரோ என்பது ஐயமே.

இனி, காப்பாரைப் பற்றிச் சிறிது கூறுவோம். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் நூல்களோடு துண்டு வெளியீடுகளையும் அழைப்பிதழ்களையும் பொறுக்கிச் சேர்த்தார்கள். அவர்கள் 1992-இல் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கிற்று. 1994 முதல் அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. நம் சிவகாசியில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலை 1923-இல் தொடங்கினர். பெட்டிக்கு ஒட்டும் லேபிள் வேண்டி அச்சுத்தொழிலும் உடன் வளர்ந்தது. அவ்வூரில் அச்சாகும் நாட்காட்டியின் ஆயுள் ஓராண்டு. லேபிளின் ஆயுளோ பெட்டியிற் குச்சி தீருமளவே. ஆயினும், ஒரு தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு அவையே சான்றாம். எரிந்தபின் வருந்திப் பயனில்லை என்பதற்கு யாழ்ப்பாணப் பொதுநூலகம் சாட்சி. 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அங்கே தீக்கிரையாயின.

தாளைக் காப்பது ஒரு பாதி. தாளில் ஏறுவது வாய்மையாயிருத்தல் மறு பாதி. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இற் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை நூற்றுக்குப் பத்து வரை இருப்பின் தண்டமில்லை. அறுபதுக்கு மேற்படின் ஆய்வு மாணவரின் பதிவே நீக்கப்படும். நல்லதே. ஆனால் எண்ணால் அளப்பது சொற்களின் ஒற்றுமையை மட்டுமே. பிறர் கருத்தைச் சொல் மாற்றி எழுதுவானை எந்தப் பொறியும் எளிதிற் பிடிக்காது; தமிழில் ஒருபொருட்பன்மொழிக்குப் பஞ்சமா? அதே 2018-இன் இறுதியில் நல்லிதழ்களைத் தெரிந்து பட்டியலிடக் ‘கேர்’ என்னும் ஏற்பாட்டையும் அக்குழு செய்தது. 2025 பிப்ரவரியில் அப்பட்டியலைக் கைவிட்டு, இதழின் தகுதியை ஆராயும் பொறுப்பை அந்தந்த நிறுவனத்திற்கே விட்டது.

பட்டியல் இருந்த காலத்தும் இல்லாத காலத்தும் பணத்துக்கு அச்சிடும் இதழ்கள் இருந்தே வருகின்றன. எமக்குத் தெரிந்த மூத்த மாணவர் ஒருவர் அத்தகைய இதழொன்றுக்குக் கட்டுரை விடுத்தார். மூன்றாம் நாள், “ஏற்றுக்கொள்ளப்பட்டது, தொகையைச் செலுத்துக” என்று விடை வந்தது. அக்கட்டுரையில் அவரே பின்னர்க் கண்டுபிடித்த பிழை ஒன்றிருந்தது. நற்றிணைப் பாட்டொன்றைக் குறுந்தொகைப் பாட்டென்று எழுதியிருந்தார். திருத்தம் வெளியிடுமாறு அவர் எழுதிய கடிதங்களுக்கு விடையில்லை. சில திங்களில் அவ்விதழின் இணையப் பக்கமே மறைந்துவிட்டது. பிழையையும் காவாது, திருத்தத்தையும் ஏலாது, வாங்கிய தொகையோடு மறைந்த அதனை ஆய்விதழ் என்று கூற எமக்கு நாவெழவில்லை. அம்மாணவரோ, தம் பட்டியலிலிருந்து அக்கட்டுரையைத் தாமே நீக்கிவிட்டார். அதனால் அவருக்கு ஒரு நேர்முகத்தில் மதிப்பெண் குறைந்தது என்றும் கேள்வியுற்றோம்.

எமக்குக் கிடைத்த கருகிய துண்டு இப்பொழுது எம் நிகண்டின் இடையில் இருக்கிறது. கையிலகப்பட்ட பழைய இதழ்த் தொகுதிகளைப் புரட்டிப் பார்த்தோம், அக்கட்டுரை அகப்படவில்லை. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்கள் தம் இல்லத்தில் தமிழ் ஆய்விதழ்களைக் கட்டி வைத்திருப்பின், பாலைத்திணைக் கட்டுரை ஏதேனும் உளதா, அதன் ஒரு பக்கத்தின் அடியில் “மேற்படி நூல், ப. 112” என்னும் குறிப்பு உளதா என்று நோக்கி, தமிழ்த் துறைக்கு ஒரு கடிதம் எழுதுமாறு வேண்டிக்கொள்கிறோம்.